மூணாம் நம்பர் போட்டோ

மூன்றாவது படம் திரையில் இறங்கத் தொடங்கியபோது முதலில் வந்தது ஓர் ஊதா நிறத் துணி. அடுத்து ஒரு பட்டை மல்லிகைப் பூ. அடுத்து வகிடு.

அங்கேயே படம் நின்றுவிட்டது.

அந்த நாளைய இன்டர்நெட்டில் படம் அப்படித்தான் வரும். கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற மாதிரி மேலிருந்து கீழே கொஞ்சம் இறங்கும், நிற்கும், யோசிக்கும், மறுபடி இறங்கும். எங்கள் கல்லூரி நூலகக் கூடம் நிறைய மாணவிகள். முன் வரிசையில் ஆசிரியைகள். நடுவில் சால்வை போர்த்திய சிறப்பு விருந்தினர். எல்லோரும் அந்த வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாருடைய வகிடு என்று யாருக்கும் தெரியாது. மௌஸைப் பிடித்திருந்த எனக்கும் தெரியாது.

ஷட்டர் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. கூந்தலில் கொக்கி மாட்டி அங்கிருந்து காதுக்கு வளைந்து இறங்குகிற முத்து மாட்டல் தெரிந்தது.

கடைசி வரிசையிலிருந்து என் தோழி ஷீலாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏய்... அது என்னோட மாட்டல்டி!"

அவள் சொன்னது உண்மை. அது அவளுடைய மாட்டல்தான். ஒரு போட்டோ எடுப்பதற்காக அதை அவளிடம் இரவல் வாங்கியவள் நான்.

ஒரே ஒரு டெலிபோன் லைன்

கொஞ்சம் முன்னால் போய்விட்டு வருகிறேன். போன வாரம் எழுதிய சூலூர் டவுன் பஸ் சங்கதியைப் படித்துவிட்டு, 'நீ நேராகச் சொல்லவே மாட்டாயா?' என்று என் அண்ணனே கேட்டுவிட்டான். என்ன செய்வது, எனக்கு நேராக வராது.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். எங்கள் நூலகத்தில் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் வழி இதுதான்: அட்டைகள் அடுக்கிய மர டிராயரை இழுத்துத் தேட வேண்டும். இழுத்தால் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடிக்கும். அதில் இல்லையென்றால் எங்கள் நூலகர் சரோஜா மேடம் மெட்ராஸில் ஏதோ ஒரு பெரிய நூலகத்துக்கு எழுதிப்போடுவார். ஜெராக்ஸ் தபாலில் வரும். வரும்போது பரீட்சை முடிந்திருக்கும். அதைப் படிக்க வேண்டிய பெண்ணுக்குச் சில சமயம் கல்யாணமே முடிந்திருக்கும்.

அந்த நூலகத்துக்கு ஒரு நாள் இன்டர்நெட் வந்தது.

கம்ப்யூட்டர் ஒன்று, மோடம் ஒன்று, டெலிபோன் லைன் ஒன்று. அந்த லைனும் பிரின்சிபால் அறைக்கும் எங்களுக்கும் பொது. அங்கே யாராவது ரிசீவரைத் தூக்கினால் இங்கே அமெரிக்கா அறுந்துபோகும். மோடம் இணையும்போது போடுகிற கீச்சுக்குரலும் கரகரப்பும் இருக்கிறதே, அது எனக்கு நாதஸ்வரம் மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடுவேன். எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்துக் கட்டுரையின் சுருக்கம் தபால் இல்லாமல், ஜெராக்ஸ் இல்லாமல் மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் கண் முன்னால் வந்து நிற்கும். முதல் முறை அது வந்தபோது நான் திரையைத் தொட்டுப் பார்த்தேன். சரோஜா மேடம், "தொடாத கண்ணு, கரண்டு அடிக்கும்" என்றார். அவருக்கும் அது புதுசு.

நூலக விழாவில் இதை எல்லோருக்கும் செய்து காட்ட வேண்டும் என்று முடிவானது. மேடைக்கு ஆள் யார்? கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவள், கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கம் சொல்கிறவள். வேறு யார், நான்தான்.

ஓவர்ஹெட் புரொஜெக்டரை எங்கிருந்தோ வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் மேல் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்தால் கம்ப்யூட்டரில் தெரிவது அப்படியே பெரிய திரையில் விழும். நான் மைக்கைப் பிடித்து, "உலகத்துல எது எந்த மூலையில இருந்தாலும் இதுல தேடிக் கண்டுபிடிச்சுரலாம்" என்று முழங்கினேன்.

சிறப்பு விருந்தினர் ஒரு மில் முதலாளியின் மனைவி. "பஞ்சைத் தேடுங்க அம்மணி, பார்க்கலாம்" என்றார். ஆங்கிலத்தில் பஞ்சு என்று அடித்தேன். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. கைதட்டல்.

அப்போதுதான் ஷீலா எழுந்து, வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"பஞ்சு கெடக்கட்டும் கவி! உன்ற மாப்பிள்ளையைத் தேடுடி!"

மஞ்சள் வைத்த கவர்

மாப்பிள்ளை என்று ஒருவர் அப்போது ஏறக்குறைய இருந்தார்.

பெயர் மோகன். குடும்பம் கணபதியில். அவருடைய அப்பாவுக்கு அங்கே மோட்டார் பம்புக்குப் பாகம் செய்கிற ஒர்க் ஷாப். மோகன் அமெரிக்காவில் மேல்படிப்பு. எங்களுக்குச் சூலூரில் தறிக் கொட்டகை. இரண்டு பேரும் வேறு வேறு கூட்டம், அதாவது வேறு வேறு குலம், அதனால் கட்டலாம். ஜாதகமும் பொருந்திவிட்டது. எல்லாம் பொருந்திய பிறகு தரகர் போட்டோ கேட்டார்.

எங்கள் வீடுகளில் பெண்ணின் போட்டோவைச் சும்மா எடுத்து நீட்டிவிட மாட்டார்கள். நல்ல நாள் பார்த்து ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்க வேண்டும். கொடுக்கும்போது பெரியவர்கள் கையில் கொடுக்க வேண்டும். சரிப்பட்டு வரவில்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் அதே கவரில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொண்டவர்களைப் பற்றி ஊர் பத்து வருடமானாலும் பேசும். வயசுப் பெண் போட்டோ கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது. அம்மாவுக்கு அது தாலி மாதிரி ஒரு விஷயம்.

எனக்கு அதெல்லாம் வேடிக்கை. ஸ்டூடியோக்காரர் ஊதா நிறத் திரைச்சீலைக்கு முன்னால் என்னை நிறுத்தி, தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். மாம்பழக் கலர் பட்டு, ஷீலாவின் முத்து மாட்டல். "சிரிங்க அம்மணி. பல்லு தெரிய வேண்டாமுங்க" என்றார். பல் தெரியாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

போட்டோ போனது. பிடித்துவிட்டது என்று தகவல் வந்தது. அடுத்த வளர்பிறை புதன்கிழமை உப்புச் சர்க்கரை என்று நாள் குறித்தாயிற்று. எங்கள் பக்கம் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் கல்யாணம் உறுதி. அப்புறம் பெண் வீடு பின்வாங்கினால் அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் அமைவது லேசில்லை.

நூலக விழா நடந்தது அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய வாரம்.

வயரைப் பிடுங்கினாலும்

ஷீலா கத்தியதும் கூடமே, "தேடு, தேடு" என்றது. நான் சரோஜா மேடத்தைப் பார்த்தேன். "அடி கண்ணு. நானும் பாக்கறேன்" என்று சிரித்தார். மோகனின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அடித்தேன். வந்துவிட்டது! அவரே செய்து வைத்த சொந்தப் பக்கம். ஒரு காரில் சாய்ந்து நிற்கிற படம். ஒரே விசில். கீழே ஆங்கிலத்தில் 'என் கல்யாணம்!' என்று சிவப்பு எழுத்து கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எனக்குக் காது சூடானது. வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அதை அமுக்கினேன்.

முதலில் எழுத்து வந்தது. 'எனக்கு ஒரு மனைவியைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள். உங்கள் ஓட்டு முக்கியம்.'

படித்தேன். படித்தது மூளைக்குப் போகவில்லை. ஏதோ அமெரிக்க வேடிக்கை, பக்கம் மாறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் முதல் படம் இறங்கியது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண். பின்னால் மலை ரயில் வரைந்த திரைச்சீலை. இரண்டாவது படம் வந்தது. இன்னொரு பெண், இன்னொரு பட்டுப்புடவை. மூன்றாவதாக வந்த ஊதாத் துணியையும் மாட்டலையும்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

மாட்டலுக்குப் பிறகு என் புருவம் வந்தது. கண் வந்தது. பல் தெரியாத அந்தச் சிரிப்பு வந்தது. அதன் பக்கத்தில் நாலு வார்த்தை: 'படித்தவள். கொஞ்சம் கருப்பு. அப்பாவுக்குத் தறிகள்.' அதற்கும் கீழே ஓட்டு எண்ணிக்கை.

என் கை மௌஸின் மேல் கல்லாகக் கிடந்தது. அந்த நிலையிலும் என் கண் போய் நின்றது அந்த எண்ணில்தான். முதல் பெண்ணுக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். மனசு எப்படிப்பட்ட பிராணி பாருங்கள்.

நாலாவது படம் இறங்க ஆரம்பித்தது.

சரோஜா மேடம் பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த டெலிபோன் வயரைப் பிடுங்கினார். மோடம் 'கிளிக்' என்று செத்தது. ஆனால் படம் போகவில்லை. வந்த வரைக்கும் வந்தது அப்படியே நிற்கும் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. திரையில் என் முழு முகம். அதற்குக் கீழே ஒரு நெற்றி, இரண்டு கண்கள். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம்.

அந்த மச்சத்தை எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். வேதியியல் லேபில் அரை மார்க்கைக்கூட விட்டுத்தராத ரேவதி மிஸ்ஸின் மச்சம் அது. எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவர், அவ்வளவுதான். ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

தன் கண்களைத் தானே பார்த்துக்கொண்டு ரேவதி மிஸ் எழுந்தார். நடந்து வந்தபோது புரொஜெக்டர் வெளிச்சத்தில் என் போட்டோ ஒரு நொடி அவருடைய வெள்ளைக் காட்டன் புடவை மேல் விழுந்து நகர்ந்தது. அவசரப்படாமல் புரொஜெக்டர் சுவிட்சை அணைத்தார். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே! சிறப்பு விருந்தினர்தான் காப்பாற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெம்ப நல்லா இருந்துச்சுங்க. எல்லாரும் டீ சாப்பிடலாமுங்களா?" என்றார்.

எங்கள் ஊர் மரியாதை அப்படி. இடி விழுந்தாலும் முதலில் டீதான்.

இரண்டாவது இடம்

டீ நேரத்தில் நாங்கள் நாலு பேர் புத்தக அடுக்குகளுக்கு நடுவில் நின்றோம். சரோஜா மேடம் அழுதுகொண்டிருந்தார். அவருடைய மெஷின், அவருடைய விழா. ஷீலா என் கையை விடவேயில்லை.

ரேவதி மிஸ் என்னைக் கேட்டார். "தரகர் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"எங்க ஜாதகம் ஒண்ணுதான் மாப்பிள்ளை ஊட்டுக்குப் போயிருக்குதுன்னாரு மிஸ்."

"எங்க ஊட்லயும் அதேதான். போட்டோ இன்னும் திரும்பி வரல. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு எங்கம்மா வாசலைப் பாத்துக்கிட்டே இருக்குது." கூடத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சு? வயரைப் புடுங்கறதுக்கு முன்னால பாத்தியா?"

பார்த்திருந்தேன். படம் வருவதற்கு முன்பே ஐந்து பெண்களுக்கும் எழுத்தும் ஓட்டு எண்ணிக்கையும் வந்துவிட்டன. "வயசு கொஞ்சம் அதிகம், வேலைக்குப் போறாங்கன்னு..."

"உனக்குக் கருப்பு, எனக்கு வயசு" என்று சொல்லிவிட்டு ரேவதி மிஸ் திடீரென்று சிரித்தார். நாங்கள் பயந்தே போனோம்.

ஷீலா மெதுவாகக் கேட்டாள். "மிஸ், நீங்க சிரிப்பீங்களா?"

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அப்பாவிடம் சொன்னால் போதும், இப்போதே கணபதிக்குக் கிளம்பி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவார் என்று நினைத்தேன். அவர் கோபக்காரர். தறி நூல் அறுந்தாலே கொட்டகை அதிரும்.

அப்பா முழுவதும் கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்வி போட்டார்.

"ஓட்டுல நீ எத்தனாவது கண்ணு?"

"என்னங்கப்பா?"

"இல்ல, எத்தனாவது வந்திருக்கற?"

"ரெண்டாவதுங்கப்பா."

அவர் முகம் விழுந்தது. "மொதல்ல யாரு?"

நூலகத்தில் வந்ததெல்லாம் ஓர் அதிர்ச்சியே இல்லை. இதுதான் அதிர்ச்சி. என் அப்பா வருத்தப்பட்டார். நான் இரண்டாவதாக வந்ததற்கு!

"அந்த ஊர்ல அப்படித்தான் போல அம்மணி. சின்னப் பையன், வெளையாட்டுக்குப் பண்ணியிருப்பான். அதான் கடைசியில உன்னையத்தான புடிச்சிருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க? புதன்கெழமைக்கு ஒரம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போயி வேண்டாம்னா நாலு பேரு நம்மளைத்தான் பேசுவாங்க."

அவரையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. சொல்லியாயிற்று என்பது அவருக்குப் பெரிய விஷயம். ஆனால் புதன்கிழமை என்னைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. தடுக்க யாரும் இல்லை.

அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டார்.

"அந்தப் போட்டோவ யாரு யாரு பாக்கலாம்?"

"பொட்டி இருந்தா யாரு வேணும்னாலும் பாக்கலாம்மா."

"நம்ம ஊருல?"

"நம்ம ஊரு, டெல்லி, ஜப்பானு. எங்க இருந்தும் பாக்கலாம்."

"செரி, திருப்பிக் குடுக்கச் சொன்னா?"

"திருப்பிக் குடுக்க அது போட்டோ இல்லம்மா. அவர் எடுத்தாத்தான் போகும். அதுக்குள்ள வேற யாராச்சும் எடுத்து வெச்சிருந்தா அதும் போகாது."

அடுத்த நாள் அம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்தார். எங்கள் வீட்டில் அது நடந்ததே இல்லை.

பெரிய பர்ஸு

புதன்கிழமை வந்தது. மோகனின் அப்பா, அம்மா, தரகர், இன்னும் சில உறவினர்கள் காரில் வந்து இறங்கினார்கள். தட்டில் உப்பும் சர்க்கரையும் தயார். நான் அதே மாம்பழக் கலர் பட்டில் உள் அறையில் உட்கார்ந்திருந்தேன். மாட்டல் மட்டும் போடவில்லை. ஷீலா கொடுக்கிறேன் என்றாள், நான்தான் வேண்டாமென்றேன்.

அம்மா காபி டம்ளர்களோடு கூடத்துக்குப் போனார். எல்லோருக்கும் கொடுத்தார். மோகனின் அம்மாவுக்கு எதிரில் நின்றுகொண்டு மிகப் பணிவாகக் கேட்டார்.

"ஏனுங்க, மாப்பிள்ளைத் தம்பி எங்க பொண்ணு போட்டோவ எங்க வெச்சிருக்குதுங்க?"

மோகனின் அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "பர்ஸுலயே வெச்சிருக்கறானாமுங்க. போனுல சொன்னான்."

"அப்படிங்களா! நெம்பப் பெரிய பர்ஸா இருக்குமாட்ட இருக்குதுங்க. எங்க பொண்ணோட இன்னும் நாலு புள்ளைகளை அதுலயே வெச்சிருக்குதாமுங்க."

தரகர் காபியை விழுங்காமல் வாயில் வைத்திருந்தது எனக்குக் கதவிடுக்கில் தெரிந்தது.

மோகனின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

அம்மா சொன்னார். குரல் ஏறவேயில்லை. "காலேஜுல எல்லாரும் பாத்தாங்கோ. ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டிருக்குதுங்க உங்க தம்பி. தப்பில்லீங்க. நாலு பேர்த்தைக் கேட்டுச் செய்யறது நல்லதுதானுங்க. நாங்களும் கேட்டுப்போட்டுச் செய்யறோமுங்க. தறிக் கொட்டகையில ஆளு இருக்கறாங்க, அக்கம்பக்கம் இருக்குது. உங்க தம்பி போட்டோ எங்ககிட்ட இருக்குதில்லீங்களா, சந்தைப்பேட்டைச் செவுத்துல ஒட்டி வெச்சு ஒரு மாசம் ஓட்டு வாங்கறோமுங்க. நெறைய விழுந்தாச் சொல்லியனுப்பறோமுங்க."

இத்தனை 'ங்க' போட்டு ஒருவரைக் காரில் ஏற்றியனுப்ப முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

மோகனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். கடைசியில் தலையை நிமிர்த்தாமலே, "காபி ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் பேச்சு முடிந்தது என்பது.

மறுநாள் தரகர் என் போட்டோவை, மூலையில் மஞ்சள் வைத்த அதே கவரில் கொண்டுவந்து நீட்டினார். அம்மா கை நீட்டவில்லை.

"இது காகிதமுங்க. அங்க தொங்கறத எறக்கச் சொல்லுங்க."

மலை ரயில்

இறக்கச் சொல்லி எழுதியது ரேவதி மிஸ். நூலகத்துக்கென்று ஒரே ஓர் ஈ-மெயில் முகவரி இருந்தது. அதிலிருந்து நாலே வரி ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் பெயருக்குப் பதிலாக 'வேட்பாளர் எண் நான்கு' என்று போட்டார். சரோஜா மேடம் அனுப்பும் பட்டனை அமுக்கியபோது பிரின்சிபால் அறையில் யாரும் போனைத் தூக்கிவிடக் கூடாது என்று ஷீலா போய் அந்த வாசலிலேயே காவல் நின்றாள்.

பதில் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இருந்தது. கூடவே ஒரு வாக்கியம்: 'இந்தியாவில் யாரும் இதைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.'

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உலகத்தில் எது எந்த மூலையில் இருந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்று மைக் பிடித்து நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த உலகத்தில் நாங்கள் சேர்த்தியே இல்லை என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்க்கப்படுகிறவர்கள் நாங்கள். பார்ப்பவர்கள் வேறு யாரோ.

எடுத்துவிட்டாரா என்று பார்க்க மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தோம். மூன்றாவது இடத்தில் ஒரு காலிக் கட்டம். நாலாவதிலும் காலிக் கட்டம். எனக்குப் பெருமூச்சு வந்தது.

அதற்குள் முதலிடத்தில் மலை ரயில் இறங்க ஆரம்பித்தது. கேட்ட எங்கள் இருவரை மட்டும் எடுத்திருக்கிறார். கேட்காத மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். முதல் பெண்ணின் ஓட்டு எண்ணிக்கை ஏறியிருந்தது.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் ஷீலா. "இந்தத் திரைச்சீலை எனக்குத் தெரியும்டி. எங்க சித்தி மேட்டுப்பாளையத்துல இருக்காங்கல்ல, சின்ன வயசுல சர்ச்சுல புதுநன்மை வாங்கினப்போ என்னோட போட்டோ அங்க ஒரு ஸ்டூடியோவுலதான் எடுத்தது. இதே ரயிலு. எஞ்சினுக்கு மேல புகை பூசணிக்காயாட்ட இருக்குதுன்னு நான் அழுதிருக்கேன்."

இத்தனை கருவிகள் வந்தும் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு பூசணிக்காய்ப் புகை.

ரேவதி மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேட்டுப்பாளையம் பஸ் இப்பக் கெடைக்குமா?"

சரோஜா மேடம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அந்தப் படத்தை அடித்துக் கொடுத்தார். வந்தது முகமில்லை, கரும்புள்ளிக் கோலம். ஆனாலும் ஸ்டூடியோக்காரர் தன் ரயிலைப் பார்த்ததும், "இது பாக்கு மண்டிக்காரர் பொண்ணுங்களே" என்று வழி சொல்லிவிட்டார்.

அந்த வீட்டு வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. உள்ளே யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம், ஏலக்காய் வாசனை. ரேவதி மிஸ், ஷீலா, நான் என்று மூன்று பேரும் நிற்பதைப் பார்த்து ஓர் அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! கணபதியில இருந்துங்களா? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாளைக்கு வாரோம்னுதானுங்க சொல்லியனுப்பிச்சாங்க. உள்ள வாங்க!"

எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய அதே உப்பும் சர்க்கரையும் நேராக இங்கே வந்துகொண்டிருக்கிறது.

கதவோரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். திரையில் வரி வரியாக இறங்கிய முகம் ஒரே நொடியில் முழுதாக என் முன்னால் இருந்தது. போட்டோவில் இல்லாத ஒன்றும் இருந்தது. பல் தெரியச் சிரித்தாள்.

"இல்லீங்க, நாங்க மாப்பிள்ளை ஊடு இல்லீங்க" என்றார் ரேவதி மிஸ்.

அந்தப் பெண் எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள். "அப்பறம் நீங்க யாருங்க?"

ரேவதி மிஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"நீ ஒண்ணு அம்மணி. இவ மூணு. நான் நாலு. உக்காரு, சொல்றேன்."